ஓடிக்கொண்டே இருப்பவர்களின் படங்கள்: திரும்பத் திரும்பப் பார்த்த அனுபவம்

ஊர் ஊராக அலைகிறவர்கள், போலீசுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் பற்றிய பழைய ஹாலிவுட் படங்களை ரொம்ப வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். முதல் தடவை நம்மை இழுத்து உட்கார வைப்பது துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும்தான், ஆனால் கதை தெரிந்த பிறகு அவைதான் முதலில் சலிக்கின்றன. ஒரு கொள்ளைக்கும் அடுத்த கொள்ளைக்கும் நடுவில் அந்த ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டிய படங்கள் தாக்குப்பிடிக்கின்றன.

1950-இல் வந்த ‘கன் கிரேஸி’யைச் சொல்லியே ஆகவேண்டும். அதில் ஒரு வங்கிக் கொள்ளை முழுவதும் காரின் பின்சீட்டிலிருந்து, ஒரே ஷாட்டில், சுமார் மூன்றரை நிமிடம் ஓடுகிறது. கேமரா வங்கிக்குள் போகவே போகாது. கொள்ளையடிக்கும் காதல் ஜோடி வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்ற பதற்றத்தோடு வருகிறார்கள், அவன் உள்ளே போனதும் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார், அவளோ இறங்கிப் போய் அவர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றியே பேச்சுக் கொடுக்கிறாள்! தப்பிப் போகும்போது திரும்பிப் பார்ப்பாள், முகத்தில் ஒரு சிரிப்பு. பணம் அவளுக்கு இரண்டாம் பட்சம் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

‘டீடூர்’ (1945) ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். லிஃப்ட் கேட்டுப் போகிறவனின் கதை, சிக்கனமாக எடுத்தது பார்த்தாலே தெரியும். குற்றவாளி தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி இருந்ததால் கடைசியில் போலீஸ் வண்டி வந்தே தீரவேண்டும். ஆனால் படம் முழுக்கத் தலைவிதியை நொந்துகொண்டே பேசுகிறவனுக்கு அந்த முடிவு அப்படியே பொருந்திப்போகிறது.

அப்புறம் ‘பேட்லேண்ட்ஸ்’ (1973). பிடிபடப்போகிறோம் என்று தெரிந்த அதன் நாயகன் கிட், தான் பிடிபட்ட இடத்துக்கு அடையாளமாகக் கல்லை அடுக்கி வைக்கிறான். இத்தனை கொலை செய்தவனுக்குத் தன்னை ஊர் நினைவு வைத்திருக்கவேண்டும் என்ற கவலை! ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் அதுதான். ‘போனி அண்ட் கிளைட்’ (1967) கடைசிக் காட்சியிலும் குண்டு மழையை விட அதற்கு ஒரு நொடி முன்னால் இருவரும் பார்த்துக்கொள்ளும் பார்வைதான் நிற்கிறது.

‘வானிஷிங் பாயிண்ட்’ (1971) மட்டும் எனக்குக் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. காரும் சாலையும் இன்றும் அழகு, ஆனால் ஓட்டுகிறவனைப் பற்றி இரண்டாம் தடவை புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

பார்க்கிறவர்கள் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் இந்தப் படங்கள் சீரியல் மாதிரி ஆகிவிடும். 1940-களின் படங்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், திரையை நிரப்புகிறேன் என்று இழுத்துவிடாதீர்கள்.