மேட்ராட்: பெனால்டி எண்ணுக்குள் இருக்கும் கணக்கைத் திறந்து காட்டும் மென்பொருள்

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்குப் பழகிய திரை அது. ஒரு பக்கம் உறுப்புகளின் பெயர், எதிரே டோஸ் (கதிர்வீச்சின் அளவு), கன அளவு, கடைசியில் அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்று சொல்லும் பிரையாரிட்டி எண். மேட்ராடில் இதன் பெயர் பெனால்டி. 80ஐ 120 ஆக்கினால் டிவிஎச் கோடு (உறுப்பில் எத்தனை பங்குக்கு எவ்வளவு டோஸ் என்று காட்டும் கோடு) கொஞ்சம் நகரும். ஏன் அவ்வளவுதான் நகர்ந்தது, ஏன் வேறொரு உறுப்பில் கெட்டுப்போனது என்று கேட்டால் மருத்துவமனைகளில் ஓடும் திட்டமிடும் மென்பொருள்களான எக்லிப்ஸும் மோனாக்கோவும் உள்ளே திறந்து காட்டுவதில்லை. மேட்ராட் காட்டுகிறது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரிலுள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் உருவானது. ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமம், காசு கிடையாது, கிட்ஹப்பில் கிடைக்கும். மேட்லேபில் ஓடும், ஜிஎன்யூ ஆக்டேவிலும் ஓடும். ஃபோட்டான், புரோட்டான், கார்பன் மூன்றுக்கும் திட்டம் போடலாம்.

இது ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் மட்டுமே. நோயாளிக்கு இதில் திட்டம் போடக்கூடாது என்று உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் இதைப் படிப்புக் கருவியாகவே எடைபோட வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ இயற்பியல் படிக்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். இந்த மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனை மருத்துவர் ஒருவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933இலேயே லான்செட் இதழில் எழுதினார். இந்த ஊரின் நோய் அது. வாய், கழுத்துப் பகுதிக்குத் திட்டம் போடும்போதுதான் ஆப்ஜெக்டிவ்கள் (ஒவ்வொரு உறுப்புக்கும் நாம் கேட்கும் டோஸ் நோக்கங்கள்) ஒன்றோடொன்று மிகக் கடுமையாக மோதும். கட்டியை ஒட்டியே உமிழ்நீர்ச் சுரப்பி, சற்றுப் பின்னால் தண்டுவடம். மேட்ராடோடு கிடைக்கும் மாதிரித் தரவுகளில் தலை, கழுத்துக்கு ஒன்று உண்டு. அதில் 63 கிரேக்கும் 70 கிரேக்கும் (கிரே டோஸின் அலகு) தனித்தனி இலக்குகள், அதாவது கதிர் பட வேண்டிய பகுதிகள், வரையப்பட்டிருக்கின்றன.

ஆனால் தொடக்கம் டிஜி119 என்ற எளிய சோதனை மாதிரியில் இருக்கட்டும். சி வடிவ இலக்கு, நடுவில் காக்க வேண்டிய உறுப்பாக 1 செ.மீ. ஆரமுள்ள உருளை. இலக்கின் உள் ஆரம் 1.5, வெளி ஆரம் 3.7 செ.மீ. இலக்கில் 95 சதவீதத்துக்கு 50 கிரே, நடு உருளையில் 5 சதவீதத்துக்கு மேல் 25 கிரே படக்கூடாது என்பது எளிய வடிவம். 25ஐ 10 ஆக்கினால் கடின வடிவம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் ஆப்ஜெக்டிவ்கள் எங்கே உடைகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

நிறுவுவதில் பெரிய வேலை இல்லை. ஃபோல்டரை மேட்லேபின் பாதையில் சேர்த்தால் போதும். ஆக்டேவில்தான் ஐபாப்ட் ஆப்டிமைசருக்கான (சிறந்த திட்டத்தைத் தேடும் நிரல்) மெக்ஸ் கோப்பு, அதாவது தொகுத்த இணைப்புக் கோப்பு, உங்கள் ஆக்டேவ் பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வேகமும் குறைவு. மேட்லேப் உரிமம் உள்ள கல்லூரியில் படிக்கிறவர்கள் ஆக்டேவ் பக்கம் போக வேண்டாம்.

நினைவகத்தைத் தின்பது டோஸ் அணி. ஒவ்வொரு பீம்லெட்டும் (கதிர்க் கற்றையைப் பிரித்த சிறு துண்டு) ஒவ்வொரு வோக்சலுக்கும் (உடலைப் பிரித்த சிறு கனக் கட்டம்) எவ்வளவு டோஸ் கொடுக்கிறது என்ற பட்டியல் அது. டோஸ் கிரிட்டை, அதாவது வோக்சலின் பக்க அளவை, 5 மி.மீ. இலிருந்து 3 மி.மீ. ஆக்கினால் வோக்சல் எண்ணிக்கை ஏறக்குறைய 4.6 மடங்காகும். பீம்லெட் அகலத்தை 5இலிருந்து 10 மி.மீ. ஆக்கினால் பீம்லெட்கள் கால்வாசியாகும். படிக்கும்போது இரண்டுக்கும் 5 மி.மீ. போதும். பெனால்டியை மாற்றினால் இந்த அணி மாறாது. ஆகவே ஒருமுறை கணக்கிட்டதும் சேமித்துவிடுங்கள். இரண்டு பருவமழையும் கரண்டைப் பறிக்கிற மாவட்டத்தில் இதை மறக்கவே கூடாது. 2 ஜிபியைத் தாண்டினால் மேட்லேபில் 7.3 வடிவத்தில் சேமிக்க வேண்டும், வழக்கமான வடிவம் ஏற்காது.

இனி ஆப்ஜெக்டிவ். உறுப்புகளின் விவரமெல்லாம் சிஎஸ்டி என்ற அட்டவணையில் இருக்கும். ஒரு வரிசைக்கு ஓர் உறுப்பு. ஆறாவது பத்தியில் அதன் ஆப்ஜெக்டிவ்களும் கன்ஸ்ட்ரெய்ன்ட்களும் (மீறக்கூடாத எல்லைகள்). தயாராக இருப்பவை: இருபுற விலகலின் வர்க்கம், ஓவர்டோஸின் வர்க்கம், அண்டர்டோஸின் வர்க்கம், சராசரி டோஸ், இயூடி (சீரற்ற டோஸுக்கு ஈடான ஒரே சீரான டோஸ்), டிவிஎச் மேல் எல்லை, கீழ் எல்லை. எழுதும்போது முதலில் பெனால்டி, பிறகு டோஸ். இதை மாற்றி எழுதினால் பிழைச் செய்தி வராது. 50 பெனால்டியில் 1000 கிரே கேட்கிற திட்டம் அமைதியாக ஓடும்.

அடுத்து எல்லாரும் தடுக்கி விழும் இடம். ஆப்ஜெக்டிவில் கொடுக்கும் டோஸ் மொத்த டோஸ். ஆனால் சிகிச்சை பல தவணைகளாகத் தரப்படும், ஒரு தவணைதான் ஒரு ஃப்ராக்‌ஷன். உள்ளே அந்த மொத்த டோஸ் ஃப்ராக்‌ஷன் எண்ணிக்கையால் வகுக்கப்படுகிறது, முடிவும் ஒரு ஃப்ராக்‌ஷனுக்கான டோஸாகவே வருகிறது. 50 கிரே, 30 ஃப்ராக்‌ஷன் என்றால் இலக்கில் 1.67 கிரே தெரியும். திட்டம் தோற்றுவிட்டது என்று எண்ணிப் பெனால்டியை ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏற்ற வேண்டாம், 30ஆல் பெருக்கிப் பாருங்கள்.

இந்த வகுத்தலுக்கு ஆழமான இன்னொரு விளைவும் உண்டு. ஓவர்டோஸ் ஆப்ஜெக்டிவ் வர்க்கம்; சராசரி டோஸ் ஆப்ஜெக்டிவ் இயல்பு அமைப்பில் நேர்கோடு. ஃப்ராக்‌ஷன் எண்ணிக்கை கூடும்போது வர்க்கம் நேர்கோட்டைவிட வேகமாகச் சுருங்கும். ஒரே பெனால்டிகளோடு 30 ஃப்ராக்‌ஷன் திட்டத்தை 5 ஃப்ராக்‌ஷனாக மாற்றினால், சராசரி டோஸ் ஆப்ஜெக்டிவின் பலம் மற்றவற்றோடு ஒப்பிடுகையில் ஆறில் ஒரு பங்காகிவிடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு 26 கிரே சராசரி கேட்டு நன்றாக ஓடிய திட்டம், ஃப்ராக்‌ஷனை மாற்றியதும் அதைக் கைவிட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

ஒவ்வொரு வர்க்க ஆப்ஜெக்டிவும் அந்த உறுப்பின் வோக்சல் எண்ணிக்கையாலும் வகுக்கப்படும். உடல் முழுவதும் 5,00,000 வோக்சல் என்று வையுங்கள். அதில் 50 வோக்சல்களில் ஒவ்வொன்றிலும் 10 கிரே கூடினால், பெனால்டி பெருக்குமுன் வரும் மதிப்பு 0.01 மட்டுமே. இலக்கு முழுக்க 1 கிரே பிசகினால் மதிப்பு 1. தோலுக்கடியில் தோன்றும் சூடான புள்ளி உடலின் பெனால்டியைச் சற்று ஏற்றினாலும் அசையாததற்குக் காரணம் இதுதான். அந்த இடத்தையும் அடக்கி இலக்கைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அதற்குத் தனி ஆப்ஜெக்டிவ் கொடுப்பதே வழி. எக்லிப்ஸ் முன்னால் உட்காரும்போதும் வளையம் ஏன் தேவைப்படுகிறது என்பது இந்தச் சிறு கணக்கில் விளங்கிவிடும்.

உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்திலும் கவனம் வேண்டும். சிஎஸ்டியின் ஐந்தாவது பத்தியிலும் ஒரு பிரையாரிட்டி உண்டு. அது பெனால்டி அல்ல, பொதுவான இடம் எந்த உறுப்புக்குச் சொந்தம் என்று சொல்லும் எண். அதில் சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. இலக்குக்கு 1, சுரப்பிக்கு 2 என்றால், இரண்டுக்கும் பொதுவான வோக்சல்கள் ஆப்டிமைசர் பார்வையில் இலக்குக்கு மட்டும் சொந்தம். சுரப்பியின் சராசரி மீதிப் பகுதிக்கே கணக்கிடப்படும். முழுச் சுரப்பிக்கு டிவிஎச் வரைந்தால் அதில் சராசரி கூடுதலாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் அந்த வோக்சல்கள் இரு பக்கமும் சேரும்.

மேட்ராடின் உண்மையான மதிப்பு, ஆப்ஜெக்டிவை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்பதில் இருக்கிறது. ஆப்ஜெக்டிவ்கள் உள்ள ஃபோல்டரில் ஓவர்டோஸ் கோப்பை நகலெடுத்துப் பெயர் மாற்றுங்கள், கிளாஸ் பெயரையும் சேர்த்து. அளவுருக்களின் பெயரும் வகையும் மேலே. கீழே இரண்டு ஃபங்ஷன். ஒன்று டோஸ் வெக்டரை வாங்கி ஒற்றை எண் தரும். மற்றது அதே நீளமுள்ள வகைக்கெழு வெக்டரைத் தரும். டோஸைப் பொறுத்த வகைக்கெழு மட்டும் போதும். அதை டோஸ் அணியின் நிரை நிரல் மாற்றால் பெருக்கி பீம்லெட் எடைகளுக்குக் கொண்டுபோவது மேட்ராடின் வேலை. பெனால்டியைக் கோப்புக்குள் பெருக்குவதா, வெளியே விடுவதா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. நகலெடுத்த கோப்பில் எப்படியோ அப்படியே வையுங்கள், இல்லாவிட்டால் பெனால்டி இருமுறை பெருகும்.

தண்டுவடத்தின் உச்ச டோஸை எடுத்துக்கொள்வோம். உச்சத்தை அப்படியே ஆப்ஜெக்டிவாக வைத்தால் வகைக்கெழு ஒரே வோக்சலில் நிற்கும், ஒவ்வொரு சுற்றிலும் இடம் தாவும். ஒவ்வொரு டோஸையும் மென்மை அளவு என்ற சிறு எண்ணால் வகுத்து, e-இன் அடுக்காக்கி, எல்லாவற்றையும் கூட்டி மடக்கை எடுத்து, அதே அளவால் பெருக்கினால் உச்சம் வழவழப்பாகும். இங்கே இரண்டு குழிகள். மென்மை அளவு 0.001 கிரே, டோஸ் 2 கிரே என்றால் அடுக்கு 2000. இரட்டைத் துல்லிய எண்ணில் e-இன் அடுக்கு 709க்கு மேல் தாங்காது, விடை முடிவிலி. எல்லா டோஸிலிருந்தும் முதலில் உச்சத்தைக் கழித்து, கடைசியில் கூட்ட வேண்டும். அடுத்தது மென்மை அளவைத் தேர்வது. 5000 வோக்சலுக்கு 0.001 எடுத்தால் உச்சத்தில் பிழை 0.0085 கிரேயைத் தாண்டாது, ஆனால் வகைக்கெழு பழையபடி ஓரிரு வோக்சலில் குவியும். 0.05 எடுத்தால் ஆப்டிமைசர் சுகமாக ஓடும், பிழை ஃப்ராக்‌ஷனுக்கு 0.43 கிரே வரை போகலாம். இரண்டுக்கும் நடுவில் தேட வேண்டும்.

எழுதிய வகைக்கெழுவைச் சோதிக்காமல் ஐபாப்டிடம் கொடுக்காதீர்கள். 100 வோக்சலுக்கு ஏதேனும் டோஸ் மதிப்புகள் எடுத்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் வேறுபாட்டை இரு மடங்கு அளவால் வகுத்து ஒப்பிடுங்கள். அந்தச் சிறிதளவு, மென்மை அளவைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும், மென்மை அளவு 0.001 என்றால் 0.000001 கிரே சரி. வழவழப்பாக்கிய உச்சத்தின் வகைக்கெழுக்களைக் கூட்டினால் சரியாக 1 வரவேண்டும், அது இன்னொரு சோதனை. வர்க்க ஆப்ஜெக்டிவில் வழக்கமான தவறு வகைக்கெழுவில் வரும் 2ஐ விடுவது, அல்லது வோக்சல் எண்ணிக்கையால் வகுக்க மறப்பது. இவை நடந்தாலும் ஐபாப்ட் நிற்காது. 500 சுற்று வரை தத்தளித்துவிட்டு ஒரு திட்டத்தை நீட்டும், பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

இயூடியில் அடுக்கு 1க்குக் குறைவாக இருந்து ஏதேனும் வோக்சலில் டோஸ் பூஜ்யமானால் வகைக்கெழு வெடிக்கும். இலக்குக்கு எதிர்மறை அடுக்கு கொடுக்கும்போது இதைக் கவனியுங்கள். டிவிஎச் ஆப்ஜெக்டிவ்கள் குவிவுத் தன்மை இல்லாதவை. தொடக்கப் புள்ளி மாறினால் விடையும் மாறலாம்.

குறைகளும் உண்டு. ஜியூஐ (சொடுக்கி இயக்கும் திரை) மெதுவாக இருக்கும், பிழைச் செய்திகள் பல நேரம் மேட்லேபின் மொழியிலேயே நிற்கும். கூடவே வரும் லீனாக் (கதிர் தரும் இயந்திரம்) ஒரு பொதுவான மாதிரி, உங்கள் மருத்துவமனை இயந்திரத்தின் அளவீடு அல்ல. ஃப்ளூயன்ஸில், அதாவது பீம்லெட் எடைகளை வைத்து மட்டும், கிடைத்த அழகான டிவிஎச், மல்டிலீஃப் கொலிமேட்டருக்கான (கற்றையை வடிவமைக்கும் உலோகத் தகடுகள்) லீஃப் சீக்வென்சிங், அதாவது தகடுகள் நகரும் வரிசையைக் கணக்கிடுவது, முடிந்ததும் சற்று மங்கும். அந்தப் படியையும் ஓட்டிய பிறகே திட்டத்தை எடைபோடுங்கள். இங்கே பொருந்திய பெனால்டி எண்களை எக்லிப்ஸில் அப்படியே இட வேண்டாம். இரண்டின் அளவுகோலும் வேறு.