ஜெம் உலக நிலப்பிளவுத் தரவுத்தளம்: எடுத்துப் பயன்படுத்தும் முன்

செயலில் உள்ள நிலப்பிளவுகளை வைத்து நிலநடுக்க வாய்ப்பைக் கணக்கிட வேண்டுமென்றால், முதலில் இறக்க வேண்டியது ஜெம் (உலக நிலநடுக்க மாதிரி, GEM) அமைப்பின் இந்த இலவசத் தொகுப்புதான். சுமார் 13,500 பிளவுகள். நாட்டுக்கொரு வடிவில் சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒரே அட்டவணையில் கோத்தது சாதாரண உழைப்பல்ல.

கிட்ஹப் தளத்தில் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவும் உண்டு, அதை விட்டுவிடுங்கள். பத்திகளின் பெயர் பத்து எழுத்தோடு வெட்டுப்படும். ஜியோஜேசன் வடிவு நல்லது. சாய்வு, நகர்வு வேகம் போன்றவை "(5,2,8)" என எழுத்துச் சரமாக வரும்: உகந்த மதிப்பு, குறைந்தது, கூடியது. சில இடங்களில் "(5,,)" என்றே நிற்கும். அப்படியே எண்ணாக மாற்றப் போனால் நிரல் நின்றுவிடும். வெற்றிடத்தில் சுழியம் போடுவது அதைவிட மோசம். வேகம் தெரியாத பிளவு அசையாத பிளவாகிவிடும். ஆயங்கள் பாகையில் இருப்பதால் நீளத்தைப் புவிக்கோள அளவீட்டில்தான் எடுக்க வேண்டும்.

அந்த மூன்று எண்களின் கனம் கணக்கில் தெரியும். 60 கி.மீ. நீளம், 15 கி.மீ. ஆழம், செங்குத்தான பிளவு. ஆண்டுக்கு 5 மி.மீ. நகர்வு. பரப்பு 900 ச.கி.மீ.; பாறையின் விறைப்பு 3×10¹⁰ பாஸ்கல். பெருக்கினால் ஆண்டுக்கு 1.35×10¹⁷ நியூட்டன் மீட்டர் நில அதிர்வு உந்தத்திறன் (நடுக்கத்தின் பருமனை அளக்கும் எண்) சேர்கிறது. முழுப் பரப்பும் உடைந்தால், பரப்பிலிருந்து நடுக்க அளவைக் கணிக்கும் வெல்ஸ்–காப்பர்ஸ்மித் 1994 சமன்பாட்டின்படி உந்தத்திறன் ஒப்பளவில் (Mw) ஏறக்குறைய 7. அதற்குத் தேவை 4×10¹⁹ நியூட்டன் மீட்டர். சேர்ந்தது எல்லாம் அந்த அளவு நடுக்கத்திலேயே தீர்ந்தால் சராசரி இடைவெளி 300 ஆண்டு. வேகம் 8 என்றால் 185, 2 என்றால் 740! உகந்த மதிப்பை மட்டும் எடுத்து ஒற்றை விடை எழுதுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். மூன்றையும் எடையிட்டு ஓட்டுங்கள்.

சாய்வு 30 பாகையானால் அகலம் 30 கி.மீ. ஆகும், பரப்பும் இரட்டிப்பு. சான் ஆண்ட்ரியாஸின் நடுப்பகுதிபோல் நடுங்காமலே ஊர்ந்து செல்லும் பிளவுகளில் அந்தப் பங்கைக் கழிக்காவிட்டால் ஆபத்து மிகையாகும்.

கோடு இல்லாத இடம் பாதுகாப்பானது என்று பொருளில்லை. நியூசிலாந்தில் 2010 செப்டம்பரில் 7.1 அளவு நடுக்கம் தந்த கிரீன்டேல் பிளவு அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லை. ஆகவே நிலநடுக்கப் பதிவேட்டிலிருந்து பின்னணி மண்டலத்தையும் (எந்தப் பிளவோடும் சேராத நடுக்கங்களுக்கான பரப்பு) சேர்த்தே மாதிரி அமையுங்கள். கட்டட மனைக்கும் பிளவுக்கும் உள்ள தூரத்தை இக்கோடுகளில் அளக்காதீர்கள். பல கோடுகள் விவரம் குறைந்த சிறிய அளவுகோல் வரைபடங்களிலிருந்து வந்தவை. அதற்குக் களத்தில் அகழி வெட்டித்தான் பார்க்க வேண்டும்.