காரணம் பிடிபடாத பாத எரிச்சல்: மருந்தும் தரையும் செருப்பும்

இரண்டு பாதங்களிலும் எரிச்சல், நடுநடுவே ஊசிக் குத்தல், விரல் நுனிகளில் மதமதப்பு. பகலில் வேலை மும்முரத்தில் அடங்கிக் கிடக்கும், படுத்தால் எழுந்துகொள்ளும். பல வருடமாக இதோடுதான் குடித்தனம். காரைக்குடிப் பக்கம் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆச்சி, சர்க்கரை பார்த்தீர்களா?"

பார்த்தாயிற்று. மூன்று மாதச் சராசரி, குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுக்கும் சோதனை, தைராய்டு, பி12, சிறுநீரகம், ரத்தத்தின் புரத வகைகள் எல்லாமே சரி. மதுரையில் எடுத்த நரம்புக் கடத்தல் சோதனையும் சரி. 'ஒன்றுமில்லை, மனக்கவலைதான்' என்று பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான். அந்தச் சோதனை தடித்த நரம்பு இழைகளைத்தான் பார்க்கிறது. வலியையும் சூட்டையும் சுமக்கிற மெல்லிய இழைகள் அதில் அகப்படுவதில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, நுண்ணோக்கியில் இழைகளை எண்ண வேண்டும். எனக்கு எண்ணிக்கை குறைவு. ஆக, நோய் உண்டு. ஏன் வந்தது என்பதற்குத்தான் விடை இல்லை. பின்னாளில் சர்க்கரை தலைகாட்டலாம் என்பதால் அதை மட்டும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

விடை இல்லாததில் என்னைவிடச் சுற்றத்தாருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பழனிப் பாதயாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்றார் ஒருவர் (வலி வந்த பிறகுதான் நிறுத்தினேன்). வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலில் ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். காரணம் சொன்ன ஒவ்வொருவரும் கையோடு ஒரு தைலமும் சொன்னார்கள். நான் கேட்பது இரண்டே: எரிச்சலை எவ்வளவு குறைக்கும், பதிலுக்கு என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

இந்தக் கணக்கில் முதலிடம் அமிட்ரிப்டிலினுக்கு. 1961 முதல் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் பழைய மாத்திரை. பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு என் மருமகள் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு வேறு. நரம்பு வலிக்கு 10 மி.கி.யில் தொடங்குவார்கள். எரிச்சலைப் பாதியாவது குறைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தூங்க வைத்தது. தூங்கி எழுந்த மறுநாள் அதே வலி சின்னதாகத் தெரியும். பதிலுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையில் மந்தம். படுக்கும் நேரத்தில் போடாமல், மருத்துவரைக் கேட்டு இரவு எட்டு மணிக்கே போட ஆரம்பித்ததும் மந்தம் விலகியது.

நரம்பு வலிக்குத் தரும் இன்னொரு மாத்திரையான ப்ரீகாபலின் இன்னும் கெட்டிக்காரன். ஊசிக் குத்தல் அதற்குத்தான் அடங்கியது. ஆனால் 75 மி.கி. காலையும் மாலையும் ஆனபோது தலை சுற்றியது, உடம்பு பெருத்தது, கணுக்கால் வீங்கியது. எரிகிற பாதத்துக்கு வீக்கமும் சேர்ந்தால் எந்தச் செருப்பு கொள்ளும்? இப்போது இரவில் மட்டும். இதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

கேப்சைசின் களிம்பை எழுதிக் கொடுத்தபோது சிரிப்புத்தான் வந்தது. மிளகாயின் காரமே அதுதான். அந்தக் காரத்தை உணரும் வாயிலை நரம்பில் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குண்டு மிளகாயைக் காம்பு கிள்ளி வளர்ந்த கைக்கு இதில் பாடம் எடுக்கத் தேவையில்லை: தண்ணீரில் கழுவினால் எரிச்சல் போகாது, முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போட வேண்டும். களிம்பை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, விடாமல், வாரக்கணக்கில் தடவினால்தான் நரம்பு சளைத்துப்போய்ச் சும்மா இருக்கும். முதல் வாரம் எரிகிற காலை மேலும் எரிய வைக்கும். வெந்நீரில் குளித்துவிட்டுத் தடவினால் கேட்கவே வேண்டாம். பலன் உண்டு, பொறுமை வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வெயில் காலத்தில் இருப்பதில்லை.

'நரம்புச் சத்து' மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி. பலவற்றில் பி6 தாராளமாக இருக்கிறது. அந்த பி6 அளவு மீறினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும்; 1983இலேயே மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி. அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இனி, காசில்லாத வைத்தியம். சித்திரை மதியத்தில் ஆத்தங்குடித் தரைக்கு நிகராக ஒரு மருந்தும் இல்லை. பட்டாலையில் நாற்காலி போட்டு, பூப்போட்ட கல்லின் மேல் பாதத்தைப் பதித்தால், அந்தக் கல் சூடேறும்வரை நிம்மதி. பிறகு பக்கத்துக் கல்லுக்கு நகர வேண்டியதுதான். அதே தரை மார்கழி விடியலில் பகையாளி. பஞ்சுக் காலுறை இல்லாமல் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பவர்களுக்காகத் தனியாக ஒரு மெத்தென்ற ஜோடி, வாசல் தாண்டாதது.

கண்டாங்கிச் சேலைக்கு மனசு இன்னும் ஆசைப்படுகிறது. ஆனால் அதன் முரட்டுக் கரை புறங்காலில் உரசும் ஒவ்வொரு அடியிலும் கீறல் விழுந்தது போலத் துடிக்கிறது. ஆகவே ஒரு விரற்கடை தூக்கிக் கட்டுகிறேன். இரவில் போர்வை பாதத்தில் படாமல் இருக்க, கட்டிலின் கால்மாட்டில் மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் போர்வையை விரித்து, உள்ளே காலை நீட்டிக்கொள்கிறேன். பேரன் அதைக் கோழிக்கூடு என்கிறான். ஆயாவுக்குத் தூக்கம் வருகிறது, போதாதா?

ஒரு எச்சரிக்கை. இப்படி ஓயாமல் எரிகிற கால், உண்மையான நெருப்பை அறியாது. சூட்டைச் சொல்ல வேண்டிய இழைகளும் குறைந்தவைதானே. குன்றக்குடியில் உச்சி வெயிலில் கல்தரையில் நடந்துவிட்டு, வீடு வந்து பார்த்தால் கொப்புளம். கோவிலுக்கு இப்போது விடியலில்தான் போகிறேன். குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்ததாக டுலோக்செட்டின் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அதில் கால் வீக்கம் அவ்வளவாக இராது, குமட்டல் வரலாம். ஆனால் இதைச் சேர்த்துப் போட்டால் அமிட்ரிப்டிலினின் அளவு ரத்தத்தில் ஏறிவிடுமாம். பழையதைக் குறைக்கவோ விடவோ நேரிடும். தூக்கத்தைத் தருவது அதுதான் என்பதால் இன்னும் சரி என்று சொல்லவில்லை.