வாத்தியார் தங்கம், கவுன்சலர் தகரம்

பைலட் ஆகியே தீருவேன் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றதால், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்து ஏழு மாதம் ஆகிறது. பெயர் வேண்டாம். திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போதெல்லாம் வாத்தியார் பேச்சை நிறுத்திக் காத்திருப்பாராம், அது ஒரு தனி ருசி.

சேர்க்கப் போன அன்று அட்மிஷன் கவுன்சலர் சொன்னது: "சார், ரெண்டே வருஷம், தம்பி கேப்டன்!" நானும் நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டேன். முதல் வார நேவிகேஷன் வகுப்பிலேயே குட்டு உடைந்தது. 200 மணி நேரம் பறந்தால் கிடைப்பது கமர்ஷியல் லைசென்ஸ். அப்புறம் டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி) முடித்து வேலை கிடைத்தால் வலது சீட்டில் கோ-பைலட். கேப்டனின் இடது சீட்டுக்கு ஏ.டி.பி.எல். என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்குக் குறைந்தது 1500 மணி நேரம். ஒரு பைலட் வருடத்துக்கு 1000 மணிக்கு மேல் பறக்கக் கூடாது என்று விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதி இருக்கும்போது, மிச்சமுள்ள 1300ஐ எங்கே போய்ச் சீக்கிரம் முடிப்பது? முடித்தாலும் கம்பெனியில் இடம் காலியாக வேண்டும், சிமுலேட்டரில் தேற வேண்டும், பிறகு பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். இதில் எதையும் கவுன்சலர் வாயே திறக்கவில்லை.

அந்த நேவிகேஷன் வாத்தியாருக்காகத்தான் இரண்டு நட்சத்திரத்தை மூன்றாக்கினேன். அமெரிக்காவில் 2009இல் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்த பிறகு, 2013 முதல் கோ-பைலட்டுக்கே பொதுவாக 1500 மணி நேரம் கேட்கிறார்கள்; ஆனால் விழுந்த விமானத்தை ஓட்டிய இரண்டு பேருமே 1500ஐ எப்போதோ தாண்டியவர்கள், இறக்கை தூக்கும் விசையை இழக்கப் போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்ததும் மூக்கை இறக்காமல் மேலே இழுத்ததுதான் வினை என்று ஒரு வகுப்பு முழுக்க அதையே பேசினாராம். ராத்திரி சாப்பிடும்போது பையன் தட்டைச் சாய்த்துச் சாய்த்து எனக்கு விளக்கினான், ரசம் பாதி மேஜையில்.

மெட்டியராலஜி, அதாவது வானிலைப் பாடம், சுமார். ரெகுலேஷன்ஸுக்கு (விமான விதிகள்) வருபவர் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறார், அதை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம். ஏசி பாதி நாள் ஓடுவதில்லை.

போவதாக இருந்தால் பேக்கேஜ் எடுக்காதீர்கள், நேவிகேஷனுக்கு மட்டும் தனியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். முதலில் இல்லை என்பார்கள், கிளம்புவது போல் எழுந்தால் ஒத்துக்கொள்வார்கள்.