கறுப்பு பெயின்டுக்கு அடியில் இரண்டு எழுத்து

டெக்சாஸில் பழைய ராணுவ ரைபிள் சேர்க்கலாம் என்று கிளம்பும் நம் ஆட்கள், கையில் ரொக்கத்தோடு துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முதல் ரைபிளிலேயே 550 டாலரை விட்டவன் நான்.

கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி. பரேடுக்குத் தோளில் .303 இருக்கும். சுடுவதற்கு மட்டும் சின்ன .22 ரைபிள் தருவார்கள். அந்தப் பெரிய ரைபிளை ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசை போகவே இல்லை. சிட்டிசன்ஷிப் வந்ததும் (எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டமே வேறு, முதலில் அதை விசாரியுங்கள்) ஒரு சனிக்கிழமை போனேன். மேசையில் அதே .303, லீ என்ஃபீல்டு ரைபிள். எடுத்ததும் கை தானாக ‘சலாமி சஸ்த்ர’ நிலைக்கு, பரேடில் ரைபிளோடு சல்யூட் வைக்கும் நிலைக்குப் போய்விட்டது. பேரம் பேசும் தகுதியை அப்போதே இழந்துவிட்டேன்.

பக்கவாட்டில் கிரீடம், ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து), இஷாப்பூர், 1943. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரைபிள் தொழிற்சாலை இருக்கும் அதே இஷாப்பூர்தான். இரும்பு முழுக்கக் கறுப்பு பெயின்ட். இந்திய ரைபிள்களுக்கு அப்படி அடிப்பது வழக்கம்தான் என்று எங்கோ படித்திருந்ததால் சந்தேகமே வரவில்லை. அரைகுறைப் படிப்பு செய்த வேலை! “எல்லா பாகத்திலும் நம்பர் ஒன்று, போன வாரம்கூடச் சுட்டேன்” என்றார் விற்றவர். கடைக்காரர் இல்லை, தனிநபர். ரசீதும் கிடையாது.

நல்லவேளை, சுடுவதற்கு முன் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி மெக்கானிக்) கொண்டுபோனேன். அவர் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துப் பார்த்தார். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்று அளக்கும் அச்சு அது. .303-க்கு 0.064 அங்குல கேஜில் போல்ட் மூடவேண்டும், 0.074-ல் மூடவே கூடாது. என்னுடையது 0.074-ல் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அந்த இடைவெளியில் சுட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே அறுந்து, சூடான வாயு முகத்துக்கு வரலாம்.

அப்புறம் பின்சைட்டுக்குப் பின்னால் இருக்கும் மேல் கட்டையைத் தூக்கினார். அது வெறும் கிளிப்பில் நிற்பதுதான், வாங்கும்போது நானே தூக்கியிருக்கலாம். பேரல் தொடங்கும் இடத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து, அரம் ஓட்டிய ஒரு பள்ளம் தெரிந்தது. சாய்த்துப் பிடித்தால் அதற்குள் பாதி அழிந்த டி, முக்கால்வாசி பி. டிரில் பர்ப்பஸ். பயிற்சிக்கு மட்டும், சுடக்கூடாது என்று ராணுவமே தள்ளிவைத்த சரக்கு. போல்ட் பிடியின் பின்பக்க நம்பரும் புதிதாக அடித்தது. பழைய எண்களின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும். இதில் விரலால் தடவினால் நகத்தில் சிக்கியது.

“போல்ட் தலையை மாற்றினால் சரியாகுமா?” என்று கேட்டேன். கேஜ் வேண்டுமானால் சரியாகும், ஆனால் டி.பி. அடித்த ரைபிளைச் சுடச்சொல்லி என் வாயால் சொல்லமாட்டேன் என்றார். செக்கிங்குக்குத் தனியாக 40 டாலர்.

விற்றவரின் போன் இப்போது எடுப்பதே இல்லை. போன மாதக் கண்காட்சியில் ஆள் இருந்தார், மேசையில் இன்னொரு கறுப்பு இஷாப்பூரும் இருந்தது. “மேல் கட்டையைக் கழற்றிக் காட்டுங்கள்” என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அது ஏற்கெனவே விற்றுப்போய்விட்டது என்று எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.