மோட்டார் ராட்டு: எந்த வகை வாங்கலாம்?

கைராட்டில் கயிறு திரிக்க மூன்று பேர் வேண்டும். இருவர் மடியில் தும்பை, அதாவது தேங்காய் நாரைக் கட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தபடி இழை விடுவார்கள். மூன்றாமவர் உட்கார்ந்து சக்கரம் சுற்றுவார். குமரி மாவட்டத்து ஈத்தாமொழி, மணக்குடிப் பக்கம் முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போன பெண்களுக்குக் களத்தில் மிஞ்சுவது அந்தச் சக்கரம்தான்.

பழைய ராட்டில் மோட்டாரைப் பூட்டிய வகை, சக்கரம் சுற்றுபவரின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. சுழற்சி சீராக இருப்பதால் முறுக்கு ஒரே மாதிரி விழும், ஒரு ஆள் கூலி மிச்சம். நடை மட்டும் அப்படியே இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால் பி.எஃப். உண்டு, 10 வருடம் கட்டியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் வரும், குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். வீட்டு முற்றத்துக் களத்தில் அதுவும் கிடையாது. சக்கரம் போனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆகவே எங்கள் தேர்வு, ஒருவரே உட்கார்ந்து இயக்கும் எலக்ட்ரானிக் ராட்டு. இதிலும் வேகத்தை ஆளுக்கேற்ப வைக்க வேண்டும். கை ஊட்டுவதைவிட ராட்டு வேகமாக ஓடினால் இழை மெலிந்து அறும். முறுக்கு ஏறிப்போனால் சுருண்டு கண்ணி விழும். பார்வை மங்கியவருக்குப் பக்கவாட்டு வெளிச்சம் கட்டாயம், இழையின் தடிமன் அப்போதுதான் தெரியும்.

பாதிக் கோளாறு தும்பிலிருந்து வருகிறது. ஆறு முதல் பத்து மாதம் ஊறிய கதம்பையின் (தேங்காய் மட்டையின்) தும்பு மெத்தென்று வளையும். பச்சைக் கதம்பையை மில்லில் அடித்தெடுத்த தும்பு விறைப்பாக நிற்கும். அதற்கு முந்தின நாளே தண்ணீர் தெளித்துப் பிசறி, சாக்குப் போட்டு மூடிவையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் ஊட்டும் வாயில் உருண்டை கட்டும். நாரோடு வரும் சோற்றுத்தூளைச் சலிக்காமல் விட்டாலும் அடைப்புதான்.

மோட்டார் சுற்றாமல் இரைந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். வோல்டேஜ் சரியாக இருந்தும் இரைந்தால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். உப்புக்காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து கிரீஸ் வையுங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாத ராட்டை வாங்கவே வேண்டாம், முந்தானை சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

பயிற்சி முடித்த பெண்களுக்குக் கயிறு வாரியத்தின் மகிளா கயிறு திட்டத்தில் 75 சதவீத மானியம் என்பது விதியாக இருந்தது. அது இப்போதும் உண்டா, விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மோட்டார் பூட்டிய பழைய ராட்டுதான் கட்டுப்படியாகும் என்றால், தும்பு சலிப்பது, கயிற்றை முடியாக (சிறு கட்டாக) கட்டுவது ஆகிய வேலைகளுக்கு ராட்டு வருமுன்பே கூலி பேசி, சக்கரத்தில் இருந்தவருக்கே கொடுங்கள்.