பானெட்டுக்குள் எலி: புகையிலையா, பீப் பெட்டியா, கம்பி வலையா, கூண்டா?

முதலில் நின்றுபோனது வைப்பர் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் ஐந்து நாள் அசையாமல் நின்ற கார், கண்ணாடியெல்லாம் சேறு. லீவரை இழுத்தால் மோட்டார் சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. பானெட்டைத் தூக்கினேன். அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்பு மெத்தை ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பஞ்சுக் குவியலாகக் கிடந்தது. குவியலுக்கு மேலே ஒரு பிஸ்கட் உறை, ஆயுத பூஜைக்கு டயரில் வைத்து நசுக்கிய எலுமிச்சையின் காய்ந்த மூடி ஒன்று. வாஷர் குழாய் இரண்டு இடத்தில், பேனாக்கத்தியால் சீவியது மாதிரி சாய்வாக அறுந்திருந்தது.

வேளச்சேரிப் பக்கம் தரைத்தளத்தில் கார் நிறுத்தும் அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. எங்கள் பார்க்கிங்கில் பத்தொன்பது கார், ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பானெட்டுக்குள் புகையிலை தொங்குகிறது, இன்னொருவருடையதில் பச்சை விளக்கு மின்னுகிறது. ஒரு வருஷம் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தேன், பாதியை நானே செய்தும் பார்த்தேன்.

குளிர் நாடுகளில் எஞ்சின் சூட்டுக்காக எலி ஏறுகிறது என்பார்கள். சென்னையில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? இங்கே அதைக் காருக்குள் விரட்டுவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடிகாலும் வளையும் நிரம்பும்போது, தரையிலிருந்து ஓர் அடி மேலே, இருட்டாக, நாய் நுழைய முடியாத இடம் வேண்டும். பானெட்டைவிடத் தோதான இடம் வேறெது? வயரைக் கடிப்பது பசிக்காக இல்லை. எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்தாக வேண்டும். “இப்ப வர்ற வயர்ல சோயா கலக்குறாங்க சார், அதான் திங்குது” என்று மெக்கானிக் சொல்வார். அமெரிக்காவில் டொயோட்டா, ஹோண்டா மேல் இதை வைத்து வழக்கே போட்டார்கள். ஆனால் சோயா பேச்சே இல்லாத காலத்தில் அப்பாவின் அம்பாசடரிலும் ஹாரன் வயரை எலி கடித்திருக்கிறது. கடித்த வயரின் துணுக்கெல்லாம் கீழேதான் கிடக்கும், பொறுக்கிப் பாருங்கள்.

எந்த வைத்தியத்துக்கும் முன்னால் புழுக்கையைப் பாருங்கள். அரிசி மணி அளவு என்றால் சுண்டெலி. அதைவிட இரண்டு மடங்கு நீளம் என்றால் எலி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை. எலிக்கு 12 மில்லிமீட்டர் அளவில் வேண்டும். பெருச்சாளி கீழே சுற்றுமே தவிர, வளர்ந்தது எஞ்சின் சந்துகளுக்குள் சுலபமாக நுழையாது, குட்டி நுழையும். வலை வாங்கும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

மணம்: புகையிலை, அந்துருண்டை, ஸ்ப்ரே

மூன்றில் மலிவு புகையிலை. வெற்றிலைக் கடையில் இலைப் புகையிலை வாங்கி, நாலாக மடித்து, பழைய கொசுவலைத் துணியில் கட்டி, பேட்டரிப் பக்கமும் ஏர் ஃபில்டர் பக்கமும் தொங்கவிடுகிறார்கள். முதல் பத்து நாள் நிஜமாகவே எலி வரவில்லை. இரண்டாம் வாரம் நெடி இறங்கிவிடும், இலை சருகாகிவிடும். எஞ்சின் சூட்டில் சருகான இலையைச் சூடான புகைக்குழாய்ப் பக்கம் தொங்கவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது. மூன்றாவது மாடிக்காரர் காரில் எலி அந்தப் புகையிலைப் பொட்டலத்தையே இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்கு அடியில் போட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்துருண்டை எனக்குப் பிடிக்காத வைத்தியம். எலிக்கு என்ன ஆகிறதோ, காருக்குள் இருப்பவர்களுக்குத் தலைவலி நிச்சயம். ஏசிக்குக் காற்று இழுக்கும் வாய் பானெட்டின் பின்விளிம்பில், வைப்பருக்குக் கீழேதான் இருக்கிறது. அந்துருண்டையின் நாஃப்தலீன் ஆவி நேரே உள்ளே வரும். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது. கைக்குழந்தை ஏறும் காரில் வேண்டவே வேண்டாம்.

எலி விரட்டும் ஸ்ப்ரே இந்த இரண்டையும்விட மேல், காரணம் அது வயர் மேலேயே படிகிறது. காரமோ கசப்போ வாயில் பட்டால்தான் எலிக்குப் புத்தி வரும், காற்றில் வரும் மணம் பழகிப்போகும். ஆனால் சூட்டில் காய்ந்து, மழைத்தண்ணீரில் கழுவி, மூன்று வாரத்தில் போய்விடும். மறக்காமல் திரும்ப அடிப்பவருக்கு மட்டும் இது ஆகும். நான் இரண்டாவது முறையே மறந்துவிட்டேன்.

சத்தம்: பீப் பெட்டி

பேட்டரியில் இரண்டு வயர் சொருகினால் போதும், நம் காதுக்குக் கேட்காத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எழுப்பி எலியை ஓட்டும் என்பது விளம்பரம். எலி அந்த ஒலியைக் கேட்கிறது என்பது உண்மைதான், எலிகள் தமக்குள் பேசிக்கொள்வதே அந்த அலைவரிசையில்தான். சிக்கல் வேறு. இவ்வளவு உயரமான ஒலி எதையும் துளைத்துப் போகாது. எஞ்சின் பிளாக்குக்குப் பின்னால் ஒதுங்கினால் அங்கே நிசப்தம். அதோடு, தீங்கு செய்யாத சத்தம் சில நாளில் எலிக்குப் பழகிவிடும், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிற மாதிரி. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-லேயே இந்த மாதிரிக் கருவி செய்பவர்கள், விற்பவர்கள் 60-க்கும் மேற்பட்டோருக்கு, அறிவியல் சான்று இல்லாமல் வாக்குறுதி கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பச்சை விளக்கு மின்னும் எங்கள் பார்க்கிங் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி எலிக்கூடு இருந்தது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரில் பேட்டரியையும் அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

இதற்குப் பதில் பானெட்டைத் திறந்தே வைத்து மேலே ஓர் எல்ஈடி பல்ப் எரியவிடுவது எவ்வளவோ தேவலை. இருட்டுக்காக வரும் பிராணிக்கு இருட்டு இல்லாமல் செய்கிறோம், அவ்வளவுதான். தனி வீடு, பூட்டிய கேட், கூரை இருந்தால் செய்யலாம். அபார்ட்மென்ட்டில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போக எனக்குத் தைரியம் இல்லை.

அடைப்பு: கம்பி வலையும் மிளகாய் டேப்பும்

நான் காசும் நேரமும் போட்ட இடம் இது. காரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆள் உட்காரும் பகுதி, எஞ்சின் பகுதி. முதலாவதை முழுக்க அடைக்க முடியும். இரண்டாவதை முடியாது. கீழ்ப்பக்கம் திறந்தே கிடக்கிறது, வீல் ஆர்ச் வழியாக எங்கும் சந்து, ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். “எஞ்சினைச் சுத்தி வலை அடிச்சுத் தரேன்” என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காற்றோட்டம் கெட்டால் எஞ்சின் சூடேறும், அதற்கு எலியே பரவாயில்லை.

ஆள் உட்காரும் பகுதிக்கு எலி வரும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று வாய், அங்கிருந்து ஏசி புளோயர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏசி ஃபில்டரைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளே. என் ஃபில்டரைக் கழற்றியபோது நடுவில் ஒரு எட்டணா அளவுக்கு வட்டமாகத் துளை, ஓரமெல்லாம் பல் தடம். உள்ளே வந்துவிட்டால் விஷயம் விபரீதம். சீட் பெல்ட் நாடாவைக் கடித்திருந்தால் தைத்துப் பயனில்லை, பெல்ட்டையே மாற்றவேண்டும். மஞ்சள் கனெக்டர் போட்ட வயர் ஏர்பேக்குடையது. அதை ரோட்டோரத்தில் முறுக்கி டேப் சுற்றவிடாதீர்கள்.

வேலை அரை நாள்தான். வைப்பர் கையைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, காற்று வாயை அட்டையில் அளவெடுத்தேன். ஹார்டுவேர் கடையில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள ஸ்டெயின்லெஸ் வலை வாங்கித் தகடு வெட்டும் கத்தரியில் வெட்டினேன். கொசுவலையும் பிளாஸ்டிக் வலையும் ஒரு ராத்திரிக்குத் தாங்காது. வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் தட்டினேன், இல்லாவிட்டால் எலி செய்யாத வேலையை வலையே செய்துவிடும், வயரை அறுத்துவிடும். ஸ்டீல் டையால் நாலு மூலையும் கட்டியாயிற்று. இதோடு காசில்லாத ஒரு பழக்கம்: எஞ்சினை அணைக்கும் முன் ஏசியின் உள்சுழற்சிப் பொத்தானை அமுக்கிவிடுங்கள். வெளிக்காற்று வாயின் கதவு மூடிக்கொள்ளும்.

எஞ்சின் பக்கத்துக்குத்தான் டேப். மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் ஏற்றிய டேப்பை ஹோண்டாவே விற்கிறது, எந்த காரிலும் சுற்றலாம். எலி மாதிரிப் பாலூட்டிகளுக்கு மிளகாய் உறைக்கும், பறவைக்குத்தான் உறைக்காது (கிளி மிளகாய் தின்னும் ரகசியம் அதுதான்). ஸ்ப்ரே போல ஆவியாகிப் போகாது. குறை, விலை. இங்கே இறக்குமதியாக வருவதால் ஒரு சுருளுக்குக் கொடுக்கும் காசில் ஐந்து கூண்டு வாங்கலாம். எல்லா வயருக்கும் சுற்ற வேண்டாம். இன்ஜெக்டர் வயர், பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்து வயர், சென்சார் வயர் போதும். சுற்றியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள், சொந்த அனுபவம்.

பிடிப்பு: கூண்டு, பசை அட்டை, விஷம்

விஷத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். புரோமாடியலோன் வகைக் கட்டி தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்துத்தான் சாகும். எங்கே சாகும் என்பதை அது நம்மிடம் கேட்பதில்லை. ஏசி குழாய்க்குள் செத்தால் டேஷ்போர்டையே பிரிக்கவேண்டும். அந்த எலியைத் தின்ற பூனைக்கும் ஆபத்து. டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசே தடை செய்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடிக்கு இரண்டு குழந்தைகள் பலியானார்கள். கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு ஓடும் ஒரு பெட்டிக்குள் அந்த வகைச் சாமானை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பசை அட்டையில் எலி மாட்டும், மறுக்கவில்லை. ஆனால் செத்துத் தொலையாமல் இரவெல்லாம் கத்தும், சில நேரம் அட்டையோடு நகர்ந்து எஞ்சின் பெல்ட்டில் போய்ச் சிக்கும். இந்திய விலங்குகள் நல வாரியமும் இதை வேண்டாம் என்கிறது. எங்கள் பார்க்கிங்கில் ஒரு நாள் அட்டையில் மாட்டியது அணில். அதைச் சமையல் எண்ணெய் தடவி விடுவிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதோடு எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

கூண்டுதான் கடைசியில் ஜெயித்தது, ஆனால் உடனே இல்லை. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். நான் முதல் மூன்று ராத்திரி கூண்டு வைத்தும் ஒன்றும் மாட்டாமல் கோபத்தில் இருந்தேன். எங்கள் வாட்ச்மேன் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். “சார், கதவை விழாம கட்டிப் போடுங்க. நாலு நாள் சும்மா தின்னுட்டுப் போகட்டும். அஞ்சாம் நாள் கட்டை அவுத்து விடுங்க” என்றார்.

“வடை வைக்கட்டுமா அண்ணே?”

“வடைக்கு எறும்புதான் வரும். தேங்காச் சில்லை அடுப்புல லேசா சுட்டு வைங்க.”

டயருக்கும் சுவருக்கும் நடுவில், எலி ஓடும் ஓரமாக வைத்தோம். ஆறாம் நாள் காலையில் ஒன்று, அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு. பிடித்ததை வாட்ச்மேன் சாக்கு போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனார். எங்கே விட்டார் என்று நான் கேட்கவில்லை.

பிடித்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது அதைத்தான். பழைய எலியின் மூத்திர வாடையைப் பிடித்துப் புது எலி வரும். கூட்டைக் கையுறை போட்டு எடுத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்த துணியால் இடத்தைத் துடைக்கவேண்டும். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். எலிக்காய்ச்சல் வருவது இந்த மூத்திரத்திலிருந்துதான்.

இன்சூரன்ஸ்

“இன்சூரன்ஸ் இருக்கே” என்பவர்களுக்கு: தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. முழு பாலிசியில் எலிக் கடி சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாசகத்தைப் பாருங்கள். சேர்ந்தாலும் 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் நம் கையிலிருந்து. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ காப்பு இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். எலி கடிப்பதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும்தானே? அதோடு ஐந்து வருஷம் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி), தனிக் காப்பு எடுக்காவிட்டால், போயே போச்சு. வாஷர் குழாய்க்கு கிளெய்ம் போடுவது நஷ்டம். ஹார்னஸ் (காரின் மொத்த வயர்க் கட்டு) முழுக்கப் போனால் போடலாம். எனக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் ஹார்னஸ் மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். கடித்திருந்தது மூன்றே வயர். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, அரை மணியில் முடித்துக் கொடுத்தார்.

இப்போதைக்கு என் காரில் காற்று வாய்க்கு வலை, மூன்று இடத்தில் டேப், டயருக்குப் பக்கத்தில் கூண்டு. வாரம் இரண்டு முறை கடைக்காவது ஒரு சுற்று. பாக்கி இருப்பது ஒரே தகராறு. மூன்றாவது மாடிக்காரர், எலி பிடிக்கட்டும் என்று தெருப் பூனைகளுக்கு என் காருக்குப் பின்னால் தினமும் பால்சோறு வைக்கிறார். நியூயார்க்கின் புரூக்ளினில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தபோது பூனைகள் கொன்றது இரண்டே எலி என்று அவரிடம் சொன்னேன். “அது அமெரிக்கப் பூனை சார்” என்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தட்டில் மிச்சம் இருக்கும் சோற்றை யார் தின்கிறார்கள் என்று வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் போட்டுக் காட்டவேண்டும்.